நாற்பத்தைந்தாம் நாள்

பைண்டிங் பட்டறையில் அவளை எல்லாரும் ‘மெஷின்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பேர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் முதலாளி தாள் மடிக்கிற இயந்திரம் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கினார். முதல் நாளே அது இரண்டு தடவை தாளை மென்று துப்பியது. மெக்கானிக் வந்து திருப்புளியோடு உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவள் தன் மேஜையில் ஒரு கட்டுத் தாளை முடித்து அடுத்த கட்டைப் பிரித்திருந்தாள். முதலாளி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “மெஷின் இங்கயே இருக்கு. நான்தான் ஊரெல்லாம் தேடியிருக்கேன்” என்றார். வாடகை இயந்திரம் ஒரு வாரத்தில் திரும்பிப் போனது. பேர் மட்டும் நின்றுவிட்டது.

அவளுக்கு முப்பத்தொரு வயது. புருஷன் தண்ணீர் லாரி ஓட்டினான். இரண்டு பெண்கள், பெரியவளுக்கு ஒன்பது, சின்னவளுக்கு ஐந்து. பட்டறைக்கு மேலே தகரக் கூரை, நடுவில் நான்கு நீள மேஜைகள், மூலையில் பசை காய்ச்சும் அடுப்பு. அவள் மேஜை ஜன்னலோரம். பதினாறு பக்கம் அச்சாகி வரும் பெரிய தாளை மூன்று மடிப்பாக மடித்து, மடிப்பின் மேல் எலும்புப் பட்டையால் ஒரு இழு இழுத்துத் தள்ளிவிடுவாள். மடிக்கிற தாளில் இருப்பதையெல்லாம் படித்துவிடுவாள். தலைகீழாக இருந்தாலும் படிப்பாள். கதை, கணக்கு, சட்டம், சமையல் எதையும் விட்டதில்லை. அதனால் பட்டறையில் யாருக்காவது சந்தேகம் என்றால் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். அவள் காதில் பூச்சுற்ற வந்தவர்கள் பூவோடு திரும்பிப் போன கதைகள் அங்கே நிறைய உண்டு.

அப்படிப்பட்டவள் அந்த உருண்டைகளை எப்படி விழுங்கினாள் என்று பின்னால் பலரும் கேட்டார்கள். யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, பட்டினி போடவில்லை. தானாகத்தான் போனாள்.

மூன்றாவது என்று யாரும் திட்டம் போடவில்லை. நாள் தள்ளிப்போனது, அவ்வளவுதான். தெரிந்ததும் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். “மூணாவதாச்சும் பையனா இருக்கட்டும்.” வாழ்த்துவதாக நினைத்துத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த ‘ஆச்சும்’ அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. முதல் இரண்டும் ஏதோ கைதவறி நடந்தது மாதிரி.

புருஷனிடம் கேட்டாள். “உங்களுக்கு என்ன வேணும்?”

“எதுனாலும் சரி” என்றான் அவன். ஓட்டலில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் சொல்வானே, அதே ‘எதுனாலும் சரி’. பக்கத்து மேஜைக்குப் போகும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்கிற ‘எதுனாலும் சரி’. அவளுக்கு அவனைத் தெரியும்.

புருஷனின் அக்கா ஒருத்தி இருந்தாள், இவளுக்கு அண்ணி. ரொட்டிக் கடையில் விற்பனைக்கு நிற்பவள். வாயும் மனசும் பெரிசு. சின்னவள் பிறந்தபோது பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்து, பிள்ளைத்துணி அத்தனையும் அவள் கையால்தான் துவைத்தாள். அப்போதிருந்தே இவளுக்கு அண்ணிமேல் உயிர். அந்த அண்ணிக்கு இரண்டு பெண்ணுக்குப் பிறகு ஒரு பையன். வீட்டில் குட்டி என்று கூப்பிடுவார்கள்.

“நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதே” என்று ஒருநாள் அண்ணி மெதுவாக ஆரம்பித்தாள். “குட்டி சும்மா வந்தவன் இல்ல. ஒரு அம்மா உருண்டை குடுப்பாங்க. நாள் கணக்கு உண்டு. உனக்கு இன்னும் நாள் தாண்டல.”

“அண்ணி, அதெல்லாம்…”

“நம்பிக்கை இல்லன்னா விடு. என் தம்பி பொண்டாட்டியாச்சேன்னு சொன்னேன். வேலை செஞ்சா பையன். செய்யலன்னா எப்பவும் போல. இதுல போறதுக்கு என்ன இருக்கு?”

போறதுக்கு என்ன இருக்கு. அந்தக் கேள்விதான் அவளைத் தள்ளிக்கொண்டு போனது.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு மேலே மாடி அறை. படியில் சைக்கிள் எண்ணெய் வாடை. மேலே சுத்தமான அறை, ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆறிலும் பெண்கள். உருண்டைக்காரம்மா கண்ணாடி போட்டு, தலைமுடியை இழுத்துக் கட்டி, பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தாள். குரலில் அவசரமே இல்லை.

“கடைசியா எந்தத் தேதி தலைக்குக் குளிச்ச?”

சொன்னாள். அந்தம்மா காலண்டரில் விரல் வைத்து எண்ணினாள். “வர்ற வியாழன் நாப்பத்தஞ்சாம் நாள். அன்னிக்கு விடிகாலைல கிழக்குப் பாத்து நில்லு. வெறும் வயிறு. பால்ல முழுங்கு. பதினாலு நாள், நாளுக்கு ஒண்ணு. முழுங்கி முடிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் பேசக் கூடாது. கூட மூணு வெச்சிருக்கேன். வாந்தி வந்தா மறுபடி போட்டுக்கோ.”

“டாக்டர் ஒரு மாத்திரை எழுதியிருக்காங்க, அது சாப்பிடலாமா?”

“சாப்பிடு. ஆனா அவங்ககிட்ட இதப்பத்தி வாய் திறக்காதே. சொன்னா மருந்து முறிஞ்சிடும்.”

வியாழக்கிழமை காலையில் அடுப்படி ஜன்னல் கிழக்கே பார்த்து இருந்ததால் அங்கேயே நின்றாள். உருண்டை கறுப்பாக, மிளகைவிடச் சற்றுப் பெரிசாக இருந்தது. இனிப்பு. பின்னாலேயே சாவியை நக்கினது போல ஒரு ருசி. பதினாலு நாளும் அந்த ருசி நாக்கில் இருந்தது. வாந்தி வரவில்லை. மீதி மூன்றையும் ஊசி நூல் போட்டு வைத்திருந்த டப்பாவுக்குள் போட்டாள்.

அந்த மாதம் டாக்டரம்மா வழக்கமான கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். “வேற ஏதாவது மருந்து, நாட்டு மருந்து, பொடி, எதாச்சும் எடுக்குறீங்களா?”

“இல்ல.”

டாக்டரம்மா ‘இல்லை’ என்று எழுதினார். அதைத் தலைகீழாக அவள் படித்தாள்.

அப்புறம் வயிற்று வலி வந்தது. முறுக்கிப் பிழிகிற வலி. மலச்சிக்கல். தலைவலி. டாக்டரம்மா ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். மூணாவது பிள்ளை, வயசும் கூடிப்போச்சு, அப்படித்தான் இருக்கும் என்று பட்டறையில் சொன்னார்கள். ஐந்தாம் மாதம் பிள்ளை உதைத்தது. எடை கொஞ்சம் கம்மி என்றார் டாக்டரம்மா, நல்லா சாப்பிடுங்க என்றார். அவளும் சாப்பிட்டாள்.

எட்டாவது மாதம், பள்ளி நோட்டுகளுக்கான வேலை குவிந்துகிடந்த நாள். பத்து மணிக்கு டீ வந்தது. டீ குடித்தால் பிள்ளை ஒரு உதை விடும், தினமும் நடக்கிறது. அன்று விடவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். தூங்குது போல என்று நினைத்தாள். தாளை இழுத்தாள். பதினோரு மணிக்கு இன்னொரு தடவை தட்டிப் பார்த்தாள். காலையிலிருந்தே அசையவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எதிரில் இன்னும் இருநூறு தாள் இருந்தது. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. இருநூறையும் மடித்தாள். ஒவ்வொன்றையும் மூன்று மடிப்பாக, ஓரம் ஓரத்தோடு சேர. ஒரு மணிக்குக் கடைசித் தாளைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “முதலாளி, நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

ஸ்கேன் எடுத்த பெண் முதலில் பேசிக்கொண்டே இருந்தாள். அப்புறம் பேச்சை நிறுத்தினாள். அப்புறம் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் பிள்ளை பிறந்தது. அழுகை கேட்காத பிரசவ அறையில் மற்ற சத்தமெல்லாம் பெரிசாகக் கேட்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். தட்டில் கத்தரிக்கோல் வைக்கிற சத்தம், நர்சின் செருப்புச் சத்தம். “பையன்” என்றாள் நர்ஸ், ரொம்பச் சின்னக் குரலில். துணியில் சுற்றிக் காட்டினாள். விரல் நகமெல்லாம் முழுசாக இருந்தது.

புருஷன் வராந்தாவில் லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே விட்டபோது கட்டிலோரம் வந்து உட்கார்ந்தான். “பாத்தியா?” என்றான்.

“பாத்தேன்.”

“யார மாதிரி?”

அவள் யோசித்தாள். “உங்கள மாதிரி.”

அவன் தலையை ஆட்டினான். யாரோ விலாசம் சொல்ல, சரி என்று கேட்டுக்கொள்கிறவன் மாதிரி.

அண்ணிதான் அழுதாள். ஆஸ்பத்திரி வாசலில், பஸ்ஸில், வீட்டில் என்று எல்லா இடத்திலும் அழுதாள். நடுவில் ஒரு தடவை, தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள். “மருந்து பொய் சொல்லலயே. பையனத்தானே குடுத்துச்சு. நமக்குத்தான் குடுத்து வைக்கல.” இவள் அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கோபம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. மூன்றாம் நாள் மார்பில் பால் கட்டிக்கொண்டது. பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நர்ஸ் துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே கேள்வியை மறுபடி கேட்டார். இந்தத் தடவை எழுதுவதற்குக் கையில் பேனா இல்லை.

“சாப்பிட்டேன்” என்றாள் அவள். “நாப்பத்தஞ்சாம் நாள்லேர்ந்து பதினாலு நாள்.”

டாக்டரம்மா திட்டவில்லை. “மிச்சம் ஏதாச்சும் இருக்கா?”

ஊசி டப்பாவில் இருந்த மூன்றும் ஆய்வுக்கூடத்துக்குப் போயின. முடிவு வர ஆறு வாரம் ஆனது. அதற்குள் அவள் பட்டறைக்குத் திரும்பியிருந்தாள். வேகம் குறையவில்லை. அதுதான் எல்லாருக்கும் ஆச்சரியம். ஒருநாள் தாள் ஓரம் விரலைக் கிழித்து, வெள்ளைத் தாளில் சிவப்பாக ஒரு கோடு ஓடியபிறகுதான் கிழித்ததே அவளுக்குத் தெரிந்தது. வலிக்கிறதா என்று பார்த்தாள். வலித்தது, ஆனால் அடுத்த மேஜைக்காரிக்கு வலித்த மாதிரி இருந்தது. அழுகை வரும், வரும் என்று அவளும் காத்திருந்தாள். வீட்டில் பெரியவள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். சின்னவள் மட்டும் ஒருநாள், “தம்பி எப்ப வருவான்?” என்றாள். “வரமாட்டான். சாப்பிடு” என்றாள் இவள்.

ஆறு வாரம் கழித்து டாக்டரம்மா ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். அவள் அதைத் தன் பக்கம் திருப்பாமலேயே படித்தாள். ஈயம் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு எண். அதற்குக் கீழே நீளமாக ஒரு பேர்.

“அது ஹார்மோன் மாதிரி வேலை செய்யற ஒரு பொருள்” என்றார் டாக்டரம்மா. “வயித்துல இருக்கற குழந்தைக்கு உறுப்பெல்லாம் உருவாகற நேரத்துல உள்ள போகவே கூடாதது. ஈயம் அதைவிட மோசம். அம்மா ரத்தத்துலேர்ந்து நேரா குழந்தைக்குப் போயிடும். குழந்தை இறந்ததுக்கு இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண முடியாது. வேற காரணமும் இருக்கலாம். ஆனா நான் தேடின வரைக்கும் வேற ஒண்ணும் கிடைக்கல.”

“அன்னிக்கு நான் இருநூறு தாள் மடிச்சிட்டுத்தான் கிளம்பினேன்.”

“அதனால இல்ல. அதுக்கு முந்தின நாளே குழந்தையோட இதயம் நின்னுபோயிருக்கும்.”

அவள் கேட்டுக்கொண்டாள். காதுக்குள் போனது. அதற்குமேல் இறங்கவில்லை.

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். “இன்னொண்ணு சொல்லணும். ஆணா பெண்ணாங்கறது கரு உண்டாகற அந்த நேரத்துலயே முடிவாயிடும். அதுவும் ஆம்பளகிட்டேர்ந்து வர்ற அணுவாலதான். அதுக்கப்புறம் எந்த மருந்தாலயும் மாத்த முடியாது. நாப்பத்தஞ்சாம் நாள் நீங்க முதல் உருண்டைய வாயில போடும்போதே அவன் பையன்தான்.”

சுவரில் மின்விசிறி திரும்பித் திரும்பிப் பார்த்தது. அவள் தாளை நாலாக மடித்தாள்.

“எங்கயாச்சும் கையெழுத்துப் போடணுமா?” என்று கேட்டாள்.

டாக்டரம்மா சுகாதார அலுவலகத்துக்கு எழுதினார். ஆட்கள் வந்தார்கள். சைக்கிள் கடைக்கு மேலே கதவு பூட்டிக்கிடந்தது. “நேத்துதான் காலி பண்ணிட்டுப் போனாங்க” என்றான் சைக்கிள்காரன். அதற்குப் பிறகும் ஒரு வாரம், பெண்கள் வந்து படியடியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். இரண்டு தெரு தள்ளி இடம் பிடித்திருக்கிறாள் என்று ஒருத்தர் சொன்னார், ஊரைவிட்டே போய்விட்டாள் என்று இன்னொருத்தர் சொன்னார். ஆனால் உருண்டைக்காரம்மாவின் பேர் மட்டும் எங்கேயும் போகவில்லை. இன்னும் சொல்லப்போனால் வளர்ந்தது. அந்த மடிக்கிற பொண்ணுக்கு இரண்டு பெண்ணுக்கு மேலே பையன் வந்தான், பாவம் தங்கவில்லை. இப்படித்தான் கதை சுற்றியது. கதையில் பாவம் அவளுக்கு, பெருமை உருண்டைக்கு.

பட்டறையில் தையல்காரி என்று ஒரு சின்னப் பெண் இருந்தாள். மடித்த தாள்களை அடுக்கி, முதுகில் நூல் கோத்துத் தைப்பது அவள் வேலை. மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை அவளுக்கு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பின்பக்கக் குழாயடியில், இவள் கையிலிருந்த பசையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, கோவிச்சுக்கக் கூடாது.”

“என்ன?”

“எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. அந்த உருண்டை… உங்களுக்குப் பையன்தானே அக்கா?”

குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இவள் அதை மூடினாள்.

“எத்தனாம் நாள்?”

“நாப்பத்தேழு.”

“எத்தன முழுங்கியிருக்க?”

தையல்காரி தலையைக் குனிந்தாள். “ரெண்டு. உங்க அண்ணிதான் புது இடத்தச் சொல்லி அனுப்பினாங்க. எங்கம்மா வாங்கிட்டு வந்தாங்க. நேத்துலேர்ந்து வயிறு வலிக்குது, இன்னிக்கு முழுங்கல. உங்களுக்கும் வலிச்சுதான்னு கேக்கலாம்னு…”

அவள் சொன்னாள். நோட்டில் எழுதியிருப்பதை வாசிக்கிற குரலில், ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள். “நாப்பத்தஞ்சாம் நாள் ஆரம்பிச்சேன். பதினாலு முழுங்கினேன். வயிறு வலிச்சுது. எட்டாம் மாசம் அசையல. பையன். நகமெல்லாம் இருந்துச்சு. உருண்டைல ஈயம் இருந்துச்சு. முழுங்கறதுக்கு முன்னாடியே அவன் பையன்தான். உனக்கும் இப்போ என்ன இருக்கோ அதுதான் இருக்கு. மாறாது.”

தையல்காரியின் முகம் கோணியது. அழுவாள் என்று பார்த்தால் கோபப்பட்டாள். “பயமுறுத்தாதீங்கக்கா. எங்கம்மா விஷமா வாங்கிக் குடுப்பாங்க?”

“என் அண்ணியும் விஷம் குடுக்கணும்னு குடுக்கல.” இவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். “செருப்பப் போடு. போகலாம்.”

“எங்க?”

“டாக்டரம்மாகிட்ட. முதலாளிகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். நிறுத்திவிடு, இரண்டோடு போயிற்று, மாதாமாதம் தவறாமல் வா என்றார் டாக்டரம்மா. பட்டறை வாசலுக்கு வந்ததும் தையல்காரி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மீதி உருண்டை இருந்த பொட்டலத்தை இவள் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள்.

அண்ணி வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கையில் ரொட்டிக் கடைப் பை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு குட்டி. ஆறு வயதுப் பையன். பெண்கள் இரண்டு பேரும் ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் ‘பால்’ என்றான், ‘வா’ என்றான். அவன் பேச்சு இவ்வளவுதான். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல மாட்டான். சேர்த்த பள்ளியில் ஒரு இடத்தில் உட்காரவில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க என்று எல்லாரும் சொன்னார்கள். இவளும்தான் சொல்லியிருக்கிறாள்.

அவள் நாலாக மடித்த தாளை அலமாரியிலிருந்து எடுத்துவந்தாள். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்திருந்தாள். யோசித்தும் முடிவுக்கு வந்திருக்கவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

“அண்ணி, தையல்காரிய நீங்கதான் அனுப்பினீங்களா?”

“ஆமா. கேட்டா, சொன்னேன். ஏன்?”

“இனிமே யாரையும் அனுப்பாதீங்க.” தாளை நீட்டினாள். அண்ணிக்குப் படிக்க வரும், ஆனாலும், “நீயே சொல்லு, என்ன எழுதியிருக்கு?” என்றாள். இவள் சொன்னாள். அண்ணி சுவரில் சாய்ந்து கேட்டாள். கடைசியில், “என் பையனும் அதச் சாப்பிட்டுதான் பொறந்தான்” என்றாள்.

“தெரியும் அண்ணி. அதனாலதான் சொல்றேன். குட்டிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிடலாம்.”

முதலில் அண்ணிக்குப் புரியவில்லை. புரிந்ததும் சுவரிலிருந்து நிமிர்ந்தாள்.

“உன் புள்ள போச்சுன்னு என் புள்ளையவும் குறை சொல்லி வெச்சிட்டா உனக்கு ஆறிடுமா?”

இவள் தாளை மறுபடி நாலாக மடித்தாள். ஆறுவதற்கு முதலில் கொதித்திருக்க வேண்டும். அண்ணி குட்டியை அறையிலிருந்து இழுத்துக்கொண்டு வெளியேறினாள். பை மேஜைமேலேயே இருந்தது. சாயங்காலம் பெண்கள் அந்த ரொட்டியைத் தின்றார்கள். அதற்குப் பிறகு அண்ணி வரவில்லை. போன் எடுக்கவில்லை. புருஷன் நடுவில் மாட்டிக்கொண்டான். “அப்படி நேரா சொல்லியிருக்க வேணாம்” என்றான் ஒருநாள். கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லாமலும் இருக்க முடியாதுதான்” என்றான்.

தையல்காரிக்கு நாள் நிறைந்து பெண் பிறந்தது. எடை கொஞ்சம் கம்மி, மற்றபடி குறையில்லை. இவள் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனாள். வார்டு கதவருகே போனபோது உள்ளே தையல்காரியின் அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். “ரெண்டே உருண்டைல நிறுத்திட்டா. அந்த மெஷின்காரி பேச்சக் கேட்டு. முழுசா சாப்பிட்டிருந்தா பையன் வந்திருப்பான்.” இவள் ஒரு நிமிஷம் நின்றாள். திரும்பிப் போயிருக்கலாம். உள்ளே போனாள், பழத்தை வைத்தாள், பிள்ளையைப் பார்த்தாள். குழந்தை வாயைக் கோணி அழுதது. நல்ல பெரிய சத்தம். “தொண்டை இருக்கு” என்றாள். தையல்காரி மட்டும் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

டாக்டரம்மா அதற்கு முன்பே அவளிடம் ஒரு உதவி கேட்டிருந்தார். “நான் கேட்டா எல்லாரும் ‘இல்ல’ன்னுதான் சொல்றாங்க. நீங்க சொன்ன மாதிரியே. உங்களுக்கு லீவு நாள்ல கொஞ்சம் வந்து வெளிய பெஞ்சில உக்காருங்களேன். பேச்சுக் குடுத்துப் பாருங்க.”

பேச்சுக் கொடுப்பது அவளுக்கு வராத கலை. ஆனாலும் போனாள். கர்ப்பிணிகள் அட்டையோடு காத்திருக்கும் நீள பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தாள். மருந்து சாப்பிட்டாயா என்று அவள் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவளிடம் சாதாரணமாக, “உங்களுக்கு எந்தப் பக்கம் பாத்து நின்னு முழுங்கச் சொன்னாங்க?” என்று கேட்டாள். முழுங்காதவள், “எத?” என்று முழித்தாள். முழுங்கினவள் பட்டென்று, “கிழக்க” என்றாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்தினாள். முதல் மாதத்திலேயே அப்படி ஒன்பது பேர். ஒவ்வொருத்தியிடமும் அவள் தனக்கு நடந்ததைச் சொன்னாள். ஏழெட்டு வாக்கியம், அதே வாசிக்கிற குரல். சிலர் எழுந்து நேராக டாக்டரம்மா அறைக்குப் போனார்கள். சிலர் இடம் மாறி உட்கார்ந்தார்கள். ஒருத்தி, “வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று திட்டிவிட்டுப் போனாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள். நல்ல காரியம் செய்கிறோம் என்று நெஞ்சு நிறைந்ததா என்றால், இல்லை. பெஞ்சு கடினமாக இருந்தது. இடுப்பு வலித்தது.

அண்ணி வராமல் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு லீவு நாளில் காலை பதினோரு மணி இருக்கும், பெஞ்சின் மறுகோடியில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். குட்டி மடியில் இருந்தான், மடிக்குப் பெரிசாக, கால் தரையைத் தொட. இவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணி இளைத்திருந்தாள்.

இடையில் இருந்த இரண்டு பெண்கள் ஒவ்வொருத்தராக உள்ளே கூப்பிடப்பட்டுப் போனார்கள். இடம் காலியானது. அண்ணி நகரவில்லை, இவளும் நகரவில்லை. குட்டி இறங்கி வந்து இவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ரத்தம் எடுத்தாச்சு” என்றாள் அண்ணி, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே. “மூணு வாரம் முன்னாடி. இங்க வேணாம்னு வேற ஆஸ்பத்திரில எடுத்தேன்.”

“என்ன சொன்னாங்க?”

“கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்காம். வயித்துல இருக்கும்போது வந்ததா, அப்புறம் வேற எங்கயாச்சும் வந்ததான்னு இப்ப சொல்ல முடியாதாம். பேச்சுப் பழக்கறதுக்கு ஆள் இருக்காங்களாம் இங்க. எழுதிக் குடுத்தாங்க. வாரம் ரெண்டு நாள்.”

இவள் தலையை ஆட்டினாள்.

“நான்தான் உன்னக் கூட்டிட்டுப் போனேன்” என்றாள் அண்ணி. அழவில்லை. அழுது தீர்த்துவிட்டு வந்திருப்பாள். “எனக்கும் நான்தான், உனக்கும் நான்தான்.”

“முழுங்கினது நான்தானே அண்ணி.”

மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் அதை எங்கே வைப்பது என்று தெரிந்திருக்காது. வராந்தாவில் ஒருவன் டீ விற்றுக்கொண்டு வந்தான். அண்ணி இரண்டு வாங்கி ஒன்றை நீட்டினாள். சர்க்கரை கம்மியாக இருந்தது. இவள் குடித்தாள்.

பேச்சுப் பழக்கும் அறைக் கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, புதுசா வந்த பையன் யாரு என்று கேட்டாள். அண்ணி எழுந்தாள், பையைத் தேடினாள், தம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் தடுமாறினாள். இவள் தம்ளரை வாங்கி வைத்துக்கொண்டாள்.

“நீயும் வா” என்றாள் அண்ணி.

“வரேன். நீங்க முன்னாடி போங்க.”

குட்டி இவள் கையை விடவில்லை. அதனால் மூன்று பேரும் சேர்ந்தே உள்ளே போனார்கள்.